செருப்பில் மணல் இல்லை

ஆவடி கேம்ப்
12-3-1943

வரதனுக்கு,

மார்ச் நாலாம் தேதி வியாழக்கிழமை, பகல் பதினொன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது. நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். டெலிபோன் ஷெட்டில் யார் கூப்பிட்டாலும் மணி பார்த்து எழுதி வைப்பது என் வேலை. அன்றைக்கு எந்தப் போனும் அடிக்கவில்லை. உங்கள் பாரிவாக்கத்து ஆள் ஒருவன் சைக்கிளில் வந்து கேட்டில் நின்றான். "அண்ணாத்தே, உங்க ஊட்டுக்காரம்மாவுக்கு ஒடம்பு சொகமில்ல, இட்டார சொன்னாங்க" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் செயினைப் பார்த்துச் சொன்னான். அவள் போய்விட்டாள் என்று அப்போதே புரிந்துவிட்டது. இருந்தும் மணியை எழுதிவிட்டுத்தான் கிளம்பினேன்.

மச்சான் என்று எழுதக் கை வரவில்லை. அதனால் பெயரைப் போட்டிருக்கிறேன்.

மகத்துக்காக வந்து தங்கியிருந்த வேம்புவை உன் வீட்டிலேயே கிடத்தியிருந்தீர்கள். அவள் முதுகு பாயில் படவில்லை. கழுத்தும் குதிகாலும் மட்டும் தரையில் இருந்தன. மற்றதெல்லாம் வளைந்து நின்றது. மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி வைத்திருந்தீர்கள். நான் அழவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்களாம். எனக்கே தெரியும். அழுகை இதுவரைக்கும் வரவில்லை. சாப்பிடுகிறேன், ஷேவிங் செய்கிறேன், டூட்டிக்குப் போகிறேன். கையைச் சுட்டால்கூடக் கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிகிறது.

எழுத வந்தது வேறு. அவளுடைய செருப்பை உன் சம்சாரம் குப்பம்மா அக்கா துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்கள். லாரி டயரை வெட்டித் தைக்கச் சொல்லி நான் வாங்கியது. அடியில் வரி வரியாகப் பள்ளம் இருக்கும். அதை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். பள்ளத்தில் வைக்கோல் இருக்கிறது, ரோட்டுத் தார் இருக்கிறது. மணல் ஒரு பொடிகூட இல்லை.

மாசி மகத்துக்கு அம்மனைக் கடலுக்கு எடுத்துப் போனபோது அவள் இந்தச் செருப்போடு மணலில் இறங்கினாள், அதனால்தான் அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று உங்கள் ஊரே சொல்கிறது. நீயும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாய். அவள் மணலில் செருப்பே போடவில்லை வரதா. கழற்றச் சொன்னது யார்?

உலகநாதன்


பாரிவாக்கம்
15-3-1943

மாப்பிள்ளைக்கு வரதன் எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் குப்பம்மா கையில் கொடுக்காமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்பா அம்மா போனபிறகு வேம்புலியம்மாளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான். என்னைப் பெயர் போட்டு எழுதும் அளவுக்கு ஆகிவிட்டது. பரவாயில்லை. துக்கத்தில் எழுதுகிறீர்கள்.

மாப்பிள்ளை, நம் ஜனங்கள் எத்தனை தலைமுறையாக வெறுங்காலில் கடலுக்குப் போகிறோம்? சாமி முன்னால் யாராவது செருப்பு மாட்டுவார்களா? வண்டியை விட்டு இறங்கி ஈரமணலில் கால் வைத்தாலே உடம்புச் சூடு அத்தனையும் உள்ளங்கால் வழியாக இறங்கிப் போகும். அந்தச் சுகம் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பட்டாளத்து பூட்ஸ் போட்டவர். வருஷத்துக்கு ஒரு நாள் அந்த மணலை மிதிக்கத்தான் எங்கள் பெண்கள் காத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் எந்தப் பொம்பளை காலில் செருப்பைப் பார்த்தீர்கள்? அவள் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறியதுமே, "இன்னாடி, தொரசானி வர்றாளா?" என்று சிரித்தார்கள். ரோடு நெடுக எல்லாரும் பார்த்தார்கள். அம்மனும் பார்த்திருப்பாள். மணலில் போட்டாளா, கழற்றினாளா என்று எனக்கு நினைவில்லை. நான் பல்லக்குக்கு முன்னால் தோள் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

காலில் என்னவோ குத்தியது என்றாள். மஞ்சளும் சாணிச் சாம்பலும் வைத்துக் கட்டினோம். அது ஆறியும் போனது. பத்து நாள் கழித்து வந்தது வேறு விஷயம். பல் கிட்டி, உடம்பு வில்லாக வளைந்தால் அது சாமி வந்ததுதான். எத்தனை பேருக்கு வந்து பார்த்திருக்கிறோம்.

காரியத்துக்கு வந்து சேருங்கள். நீங்கள் இல்லாமல் எப்படி?

வரதன்


ஆவடி கேம்ப்
2-4-1943

வரதனுக்கு,

காரியத்துக்கு நான் வரவில்லை. நீயே நடத்தியிருப்பாய்.

கேம்ப் டாக்டரிடம் கேட்டேன். அவர் தமிழர், பொறுமையாகச் சொன்னார். துரு, சாணி, மண் இவற்றில் இருக்கிற ஒரு விஷம் ஆழமான சிறு காயத்தில் இறங்கிவிடுமாம். மேலே தோல் ஆறிவிடும், உள்ளே அது வேலை செய்யும். பத்து நாளில் வாய் கிட்டும். பிறகு முதுகு வளையும். அதற்குத் தனுர்வாதம் என்று பெயர், சாமி என்று பெயரில்லை. அந்த ஜன்னி கண்டவர்களை இருட்டறையில் சத்தமில்லாமல் படுக்க வைக்க வேண்டுமாம். வெளிச்சம் பட்டால், ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட உடம்பு இன்னும் வளையுமாம். பிழைத்திருப்பாள் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம் என்றார்.

நீ பம்பைக்காரரைக் கூப்பிட்டாய். கற்பூரத்தைக் கண்ணுக்கு நேரே காட்டினாய். இரண்டு நாள் பம்பை அடிக்கவைத்தாய்.

அந்த இரண்டு நாளும் நான் சைக்கிள் மிதித்தால் வந்துவிடும் தூரத்தில் இருந்தேன். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொன்னால் டாக்டரோடு வருவேன் என்று உனக்குத் தெரியும்.

மகத்துக்கு முன்னால் உன் வீட்டு வாசலில் நின்று சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? ஜப்பான்காரன் வருவான் என்று பட்டாளம் கடற்கரை நெடுக முள்கம்பி போட்டிருக்கிறது, அங்கே போன் வயர் இழுத்தவன் நான், அறுந்த துண்டெல்லாம் மணலில் புதைந்து கிடக்கிறது என்றேன். நீ வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அம்மா போற வழியில முள்ளு இன்னா பண்ணும் மாப்ள?" என்றாய். அதனால்தான் அவளிடம் சத்தியம் வாங்கினேன், மணலில் எக்காரணம் கொண்டும் கழற்றமாட்டேன் என்று. வேம்பு என்னிடம் செய்த சத்தியத்தை மீறுகிறவள் இல்லை. என்னைவிட மேலான ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு அப்படி இருந்தது நீ ஒருத்தன்தான்.

இனி எழுதாதே.

உலகநாதன்


பாரிவாக்கம்
23-1-1944

மாப்பிள்ளைக்கு,

எழுதாதே என்றீர்கள், எழுதவில்லை. இப்போது ஊருக்காக எழுதுகிறேன்.

ஐப்பசியில் ஆரம்பித்து ஊரில் அம்மை போட்டுவிட்டது. நான்கு வீட்டில் சாவு. மாட்டுக்கும் கோமாரி. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். போன வருஷம் கடல் தீர்த்தத்தில் தீட்டு ஆகிவிட்டது, இந்த வருஷம் அம்மனை எடுத்துப் போய் முறையாக முழுக்காட்ட வேண்டும் என்று முடிவு. பல்லக்கில் முதல் தோள் எனக்கு. அது எங்கள் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டு மரியாதை என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் கடற்கரை ரோட்டில் இப்போது பட்டாளத்துக்காரன் காவல் போஸ்ட் போட்டுக் கட்டையைக் குறுக்கே இறக்கி வைத்திருக்கிறான். போய்க் கேட்டோம். "ஆவடி கேம்ப்லருந்து போன் வந்தா உடுவோம், இல்லாங்காட்டி காக்காகூட போவ முடியாது" என்கிறான் அங்கே நிற்கிற சிப்பாய். ஆவடி கேம்ப்பில் போன் என்றால் நீங்கள்தானே. உங்கள் துரையிடம் சொல்லி உத்தரவு வாங்கித் தர வேண்டும். ஊர் மொத்தமும் உங்களை நம்பி இருக்கிறது.

இன்னொன்று. எப்படிச் சொல்வதென்று மூன்று நாளாக யோசித்தேன். வேம்புலியின் அந்தச் செருப்பை அனுப்பி வையுங்கள். அவள் பேரைச் சொல்லி, தெரியாமல் செய்த தப்பை மன்னித்துவிடு தாயே என்று கேட்டு அதைக் கடலில் விடச் சொல்கிறார்கள். அப்போதுதான் அம்மை இறங்குமாம். அவள் ஆத்மாவுக்கும் நல்லது.

வரதன்


ஆவடி கேம்ப்
1-2-1944

வரதனுக்கு,

துரையிடம் பேசினேன். நல்ல மனுஷன். மகம் அன்று கடலில் பீரங்கிப் பயிற்சி இல்லையென்றால் விடலாம் என்றார். அதை அன்று காலையில்தான் சொல்ல முடியுமாம். அவர் என்னிடம் சொல்வார். நான் என் ஷெட்டிலிருந்து போஸ்டுக்குப் போன் போட்டுச் சொன்னால் கட்டையைத் தூக்குவார்கள். அந்த லைன் என் போர்டு வழியாகத்தான் போகிறது. வேறு வழி இல்லை.

செருப்பு வராது. அவள் தப்பே செய்யவில்லை, எதற்கு மன்னிப்பு?

என் நிபந்தனை ஒன்றுதான். வண்டி கட்டுவதற்கு முன்னால் கோயில் வாசலில் ஊர் மொத்தமும் நிற்கும்போது நீ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செருப்பைக் கழற்றச் சொன்னது நீ. கம்பி இருக்கிறது என்று தெரிந்தே சொன்னாய். அவள் பேரில் எந்தக் குற்றமும் இல்லை. இதைச் சொன்னால் நான் போன் செய்கிறேன். சொல்லவில்லையென்றால் அம்மன் உங்கள் ஊர்க் கிணற்றடியிலேயே குளிக்கட்டும்.

உலகநாதன்


பாரிவாக்கம்
14-2-1944

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இந்த முறை குப்பம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டதும் அடுப்படிக்குப் போனவள் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

சரி, ஒத்துக்கொள்கிறேன். நான்தான் கழற்றச் சொன்னேன். உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன், போதுமா? வண்டி நின்றதும் பெண்கள் எல்லாரும் இறங்கினார்கள். அவள் செருப்போடு மணல் ஓரத்தில் நின்றுகொண்டு, "அண்ணா, அவருகிட்ட சத்தியம் பண்ணிகீறேன்" என்றாள். பங்காளிகள் என்னையே பார்க்கிறார்கள். முதல் தோள் கொடுக்கிறவன் தங்கச்சி சாமிக்கு முன்னால் செருப்போடு நின்றால் பல்லக்கை என்னிடம் கொடுப்பார்களா? "உன் ஊட்டுக்காரன் பெரிசா, அம்மா பெரிசா?" என்று கேட்டேன். கழற்றி வண்டியில் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

இதை ஊர் முன்னால் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? போன வருஷம் முழுக்க அவள் செருப்போடு மிதித்தாள் என்று ஊர் சொன்னதை நான் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பொய்யன் என்பார்கள். தோள் போகும். என் பெரிய பெண்ணுக்குப் பேசி வைத்திருக்கிற இடமும் போகும். பெரியவர்கள் நாலு பேரைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறேன். செருப்பு கேட்கவும் மாட்டேன். அதோடு விடுங்கள்.

நானும் ஒன்று கேட்கிறேன். அவ்வளவு பயம் இருந்தால் நீங்கள் ஏன் அன்று கூட வரவில்லை? ஒரு நாள் லீவு கிடைக்காதா? உங்களுக்கு அந்தப் போன் பெட்டிதான் பெண்டாட்டி.

வரதன்


ஆவடி கேம்ப்
20-2-1944

வரதனுக்கு,

லீவு கேட்டேன். கொடுக்கவில்லை. அதற்காக என்னை நான் என்ன செய்துகொள்ள வேண்டுமோ செய்துகொள்கிறேன். அதில் உனக்கு வேலை இல்லை.

நாலு பேர் போதாது. அவளைத் தொரசானி என்று சிரித்தவர்கள் எல்லாரும் கேட்க வேண்டும்.

உன் பெண்ணுக்கு இடம் போகும் என்கிறாய். போகட்டும். எனக்கும் ஒரு இடம் போயிருக்கிறது. நாங்கள் குடியிருந்த மேனாம்பேட்டு வீட்டைக் காலி செய்து சாமானை ஏலத்தில் விட்டுவிட்டு இந்த ஷெட்டில்தான் படுக்கிறேன்.

உலகநாதன்


பாரிவாக்கம்
5-3-1944

மாப்பிள்ளைக்கு,

சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காப்புக் கட்டும்போது எல்லாரும் இருந்தார்கள். மகம் அன்று காலையில் சொன்னால் கூச்சலில் யார் காதிலும் விழாது என்று அன்றே சொன்னேன். மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கோயில் படியில் ஏறி நின்றேன். நீங்கள் எழுதியபடியே சொன்னேன். கம்பி இருப்பது தெரியும், நான்தான் கழற்றச் சொன்னேன், என் தங்கச்சி ஒரு அடிகூட மணலில் செருப்போடு வைக்கவில்லை.  என் சித்தப்பா மகன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்ப அம்மா மேலயா பழி போட்ட இத்தினி நாளு?" என்றான். முதல் தோள் இப்போது அவனுக்கு. நான் பின்னால் நடந்து வரலாம் என்றார்கள். பெண் கேட்ட வீட்டிலிருந்து ஆள் வந்து, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். குப்பம்மா என்னிடம் பேசுவதில்லை. சோறு வைக்கிறாள்.

படியில் நின்றபோது ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. நீங்கள் கேட்காததையும் சொல்லிவிட்டேன். ஊரே கேட்டுவிட்டது, உங்களுக்கு மட்டும் ஏன் தெரியாமல் இருக்க வேண்டும் என்று இதையும் எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் பம்பை அடிக்கும்போது வேம்புலி என் பக்கம் கண்ணைத் திருப்பினாள். பல் கிட்டியிருந்தது. அந்தப் பல்லுக்கு நடுவிலிருந்தே, "அண்ணா, சத்தம் வேணாம்" என்றாள். எனக்கு நன்றாகக் கேட்டது. பம்பைக்காரர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அம்மன் இறங்குகிற நேரம், இவளுக்குள்ளே இருக்கிற வேறு எதுவோ பயந்து பேசுகிறது என்று நினைத்தேன். "உடாத, ஜாஸ்தி அடி" என்றேன். அடித்தார். அவள் பிறகு பேசவில்லை.

நான் வேண்டுமென்று செய்யவில்லை மாப்பிள்ளை. அவள் பிழைக்க வேண்டும் என்றுதான் அடிக்கச் சொன்னேன்.

என் பங்கைச் செய்துவிட்டேன். வியாழக்கிழமை மகம். ராத்திரியே கிளம்பி விடிகிற நேரத்துக்குப் போஸ்டில் வந்து நிற்போம். குழந்தை குட்டி, அம்மை கண்டு எழுந்தவர்கள் எல்லாரும் வருகிறார்கள். உங்கள் போனுக்குக் காத்திருப்போம்.

வரதன்


ஆவடி கேம்ப்
9-3-1944

வரதனுக்கு,

இதை எழுதும்போது நீ கடற்கரை ரோட்டில் கட்டைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறாய். நீ வீடு திரும்பும்போது இது உனக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கும். ஆளிடம் கொடுத்தனுப்பப் போகிறேன்.

நீ சொன்னதை விசாரித்தேன். காட்டுப்பாக்கத்திலிருந்து இங்கே தச்சு வேலைக்கு வருகிறவன் ஒருவன் அன்று உங்கள் கோயிலில் இருந்திருக்கிறான். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னாய் என்றான். கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்திருக்கிறாய். அதை மறுக்கவில்லை.

ஆறே காலுக்குத் துரை கூப்பிட்டார். இன்று பயிற்சி இல்லை, ஜனங்களை விடு என்றார். சரி என்றேன். போஸ்டுக்கு லைனைப் போட்டு, அங்கே மணி அடிக்கச் சுற்றும் பிடியில் கையை வைத்தேன். சுற்றியிருப்பேன். உன் கடைசிக் கடிதம் வராமல் இருந்திருந்தால், நான் கேட்டதை மட்டும் சொல்லி நீ நிறுத்தியிருந்தால், நிச்சயம் சுற்றியிருப்பேன்.

சுற்றாமல் உட்கார்ந்திருந்தேன். ஆறு ஐம்பதுக்குப் போஸ்டிலிருந்தே கூப்பிட்டார்கள். அந்த சிப்பாய்தான். "இன்னா சார், இவங்கள உடலாமா? குந்திகினு கீறாங்க, பசங்க அழுவுது" என்றான். அவன் குரலுக்குப் பின்னால் பம்பைச் சத்தம் கேட்டது. வயரில் வரும்போது அது தகரத்தில் கல் விழுகிற மாதிரி இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவன் ஹலோ ஹலோ என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மணலில் இன்னும் கம்பி கிடக்கிறது. உங்கள் ஜனங்களின் காலைக் காப்பாற்றத்தான் நிறுத்தினேன் என்று நாளைக்கு யாராவது எனக்காகப் பேசினால் நம்பாதே. அது பொய். அவர்கள் கால் எனக்கு நினைவிலேயே இல்லை. குழந்தைகளும் அம்மை கண்டு எழுந்தவர்களும் உனக்காகக் காத்துக் கிடப்பார்கள், பிறகு உன்னோடு திரும்பி நடப்பார்கள். வழி நெடுக ஒவ்வொருவரும் உன் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு வேண்டியது அது. பேச்சு மாறிவிட்டேன் என்று சொல். மாறித்தான் விட்டேன்.

துரை கேட்டால் லைனில் பழுது என்று சொல்வேன். பழுது பார்க்கிறவனும் நான்தான்.

நீ நேரில் வந்து என் கழுத்தைப் பிடித்தால் தடுக்கமாட்டேன். ஆனால் வராதே. உன்னைப் பார்த்தால் எனக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. ஒரு வருஷமாக ஒன்றும் வராமல் இருக்கிறது. அது இப்படியே இருக்கட்டும்.

மறுபடியும் மணி அடிக்கிறது. போஸ்டாகத்தான் இருக்கும். வேம்பு வேண்டாம் என்று சொன்ன பிறகும் அங்கே யாரும் நிறுத்தவில்லை. இங்கே நிறுத்த ஒரு பிளக்கைப் பிடுங்கினால் போதும். பிடுங்கிவிட்டேன். என் போன் அடங்கிவிட்டது.

உலகநாதன்